நிச்சயத்துக்குப் பழைய மோதிரம்: கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

2 ஜூன் 2024, களியக்காவிளையிலிருந்து வந்த கேள்வி

"தம்பிக்கு நிச்சயம் வச்சிருக்கு. பொண்ணு வீடு பாறசாலை. ரெண்டு வீட்டிலும் மோதிரம் மாத்துற வழக்கம் உண்டு. பொண்ணு, புது மாடல் எதுவும் வேண்டாம், அந்தக் காலத்து மோதிரம் ஒண்ணு கிடைச்சா போதும்னு சொல்லுது. திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில ரெண்டு மூணு பாத்து வச்சிருக்கோம். வீட்டுப் பெரியவங்க, பழசை நம்ப முடியாது, வாங்கினாலும் உருக்கிப் புதுசா செஞ்சிருங்கன்னு நிக்காங்க. பழசுல எதைப் பாத்து வாங்கணும்?"

2 ஜூன், இரவு

உருக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உருக்கினால் தங்கம் மிஞ்சும். அதைச் செய்தவரின் கைவேலை போய்விடும், அதற்கு மேல் புது மோதிரத்துக்குச் செய்கூலியும் சேதாரமும் தனியாகக் கொடுப்பீர்கள். பழையது வேண்டும் என்று கேட்ட பெண்ணுக்குக் கடைசியில் புது மோதிரம்தான் போய்ச் சேரும்.

எதைப் பார்ப்பது என்றால், கடைக்காரர் கையில் தந்ததும் கல்லைப் பார்க்காமல் மோதிரத்தைக் கவிழ்த்துப் பிடியுங்கள். அப்பாவுக்கு நாகர்கோவில் வடசேரியில் நகைப் பட்டறை. பழுதுக்கு எந்த மோதிரம் வந்தாலும் அவர் முதலில் அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார். மேல்பக்கத்தைப் பாலிஷ் போட்டு யாரும் பளபளக்க வைக்கலாம். பின்னால் எந்தக் கடைக்காரரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை, அதனால் மோதிரத்துக்கு நடந்ததெல்லாம் அங்கே அப்படியே இருக்கும்.

உள்ளங்கைப் பக்கம் வரும் வளையம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போயிருந்தால், தினமும் போட்டால் சீக்கிரம் வளையும், ஒருநாள் அறும். அடுத்தது பற்றவைத்த இடம். வாய்க்கு அருகே வைத்து ஓர் ஊது ஊதுங்கள். ஆவி படிந்து கலையும் நேரத்தில், பொடி (தங்கத்தைப் பற்றவைக்கும் கலவை) வைத்து ஊதிய இடம் தனிக் கோடாகத் தெரியும். ஒரு கோடு இருந்தால் யாரோ அளவு மாற்றியிருக்கிறார்கள், பரவாயில்லை. மூன்று நான்கு கோடு, திட்டுத்திட்டாக நிறம் என்றால் அது ஒட்டுப்போட்ட மோதிரம். பார்க்கப் பருமனாக இருந்து கையில் கனம் தெரியாவிட்டால் உள்ளே குழாய், அதில் அரக்கு அடைத்திருக்கலாம். அரக்கு உள்ள மோதிரத்தைப் பின்னால் யாராவது நெருப்பில் காட்டினால் கதை முடிந்தது.

4 ஜூன்

ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஹால்மார்க் இல்லாமல் எப்படி வாங்குவது?"

நம் நாட்டில் தங்கத்துக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) ஹால்மார்க் வந்ததே 2000இல். கட்டாயமானது 2021 ஜூனில், அதுவும் மாவட்டம் மாவட்டமாக. 1930இல் செய்த மோதிரத்தில் செய்தபோதே அடித்த பிஐஎஸ் முத்திரையைத் தேடினால் எங்கே கிடைக்கும்? இப்போது கடை விற்பதற்காகப் பதித்திருக்கலாம். ஆகவே ஹால்மார்க்கோடு ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் ஆறு எழுத்து ஹெச்யூஐடி எண் இருப்பதைப் பார்த்து, "இது புதுசு, ஏமாற்று" என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு அந்த எண் இல்லாமலும் இருக்கும்.

எண் இருந்தால் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால், பிஐஎஸ் அங்கீகாரம் உள்ள சோதனை மையத்தில் கொடுத்து மாற்று, அதாவது தங்கத்தின் சுத்தம், பார்த்துவிடலாம். செலவு சில நூறு ரூபாய்க்குள் முடியும். உரைகல்லில் ஆசாரி உரசிச் சொல்வதையும் நான் நம்புகிறவள்தான், ஆனால் இரண்டு குடும்பம் சம்பந்தப்பட்ட காரியம், காகிதம் கையில் இருப்பது நல்லது.

4 ஜூன், கொஞ்சம் தள்ளி

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 22 காரட் இல்லை என்றதும் முகத்தைச் சுளிக்கக் கூடாது.

1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதி வந்தது. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்றார்கள். 1966இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் நாடெங்கும் பொற்கொல்லர் குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. எங்கள் தாத்தா பட்டறையைப் பூட்டிவிட்டுக் கயிறு திரிக்கப் போனார் என்று ஆச்சி சொல்வாள், சொல்லும்போதே குரல் இறங்கிவிடும். அந்த ஆண்டுகளில் செய்த 14 காரட் மோதிரம் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், தயவுசெய்து மட்டமான சரக்கு என்று ஒதுக்காதீர்கள். வேலை போன காலத்தில் ஒரு ஆசாரி கிடைத்த தங்கத்தில் செய்தது அது.

உழைப்புக்கும் அது நல்லது. 22 காரட்டில் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், 14இல் 58.5. மீதியெல்லாம் செம்பு, வெள்ளி போன்ற கலவை, அதனால் கெட்டி. கல்லைப் பிடிக்கும் கொக்கி 22 காரட்டில் சீக்கிரம் தேய்ந்து மழுங்கும், 14இல் நிற்கும். நிறம்தான் கொஞ்சம் வெளிறும்.

வளைகுடாவிலிருந்து எழுபது எண்பதுகளில் வந்த மோதிரங்களும் நம் பக்கம் நிறைய. உள்ளே 875 என்று இருந்தால் 21 காரட்.

7 ஜூன்

"ப்ளூ ஜாகர் என்று சொல்லி விலை கூட்டுகிறார்கள், கொடுக்கலாமா?" என்று தக்கலையிலிருந்து ஓர் அக்கா.

அக்கா, அந்தப் பெயருக்காக ஒரு ரூபாயும் கூடக் கொடுக்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில் யாகர்ஸ்ஃபொன்டைன் என்று ஒரு வைரச் சுரங்கம். 1870இல் அங்கே வைரம் கிடைத்தது. 995 காரட் எடையுள்ள எக்ஸெல்சியர் என்ற பெரிய வைரம் 1893இல் அங்கிருந்துதான் வந்தது. அந்தச் சுரங்கம், வெயிலில் லேசாக நீலம் அடிக்கும் வெள்ளைக் கற்களுக்குப் பேர் போனது. நம் ஊர்த் தோடு மூக்குத்திகளில் பேசப்படும் ஜாகர் அதுதான். 1971இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இன்று கடையில் நீல ஓட்டம் தெரியும் கல்லையெல்லாம் ஜாகர் என்கிறார்கள். புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும் வைரம் உலகத்தில் எத்தனையோ சுரங்கத்தில் கிடைக்கும். கல்லைப் பார்த்து இந்தச் சுரங்கம் என்று அடித்துச் சொல்ல வழி கிடையாது.

வயதைச் சொல்லக்கூடியது அதன் பட்டை. கல்லை நேராக மேலிருந்து பாருங்கள். நடுவில் ஊசி குத்தியது போல ஒரு சின்ன வட்டம் தெரிகிறதா? அடிமுனையைக் கூராக விடாமல் வெட்டித் தட்டையாக்கிய பழைய முறை அது. மேல் தட்டம் சிறுத்து, தலை உயர்ந்து, பட்டைகள் பெரிதாக இருக்கும். சதுரமும் வட்டமும் கலந்த வடிவம் என்றால் இன்னும் பழையது. மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919இல் வைரப் பட்டையின் அளவுகளைக் கணக்கிட்டு வெளியிட்டார். அதன் பிறகுதான் இன்றைய வெட்டு மெல்ல மெல்லப் பரவியது. பழைய வெட்டு விளக்கு வெளிச்சத்துக்காகவே செய்தது. கடையின் எல்இடி விளக்கின் கீழே மங்கலாகத் தோன்றும். வெளியே ஒரு நிழலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், பெரிய பெரிய துண்டாக ஒளி விடும். எனக்கு அதுதான் அழகு. புதுவெட்டின் பொடிப்பொடி மினுக்கம் மனசில் ஒட்டுவதில்லை.

வைரம் போலத் தோன்றும் செயற்கைக் கற்களில், அமெரிக்கன் டைமண்ட் 1976இல்தான் வியாபாரத்துக்கு வந்தது. மொய்சனைட் நகைக்கு வந்தது 1998 வாக்கில். பழைய மோதிரத்தில் இந்த இரண்டில் ஒன்று இருந்தால் கல் மாறியிருக்கிறது. ஒரு எச்சரிக்கை, வெப்பத்தை வைத்துப் பார்க்கும் சாதாரண வைர சோதனைப் பேனா மொய்சனைட்டையும் வைரம் என்றே காட்டும்.

8 ஜூன்

சிவப்புக் கல்லைப் பற்றிக் கேட்டவருக்கு. வெர்னூயி என்ற பிரெஞ்சுக்காரர் தீச்சுடரில் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை 1902இல் அறிவித்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே உலகச் சந்தையில் அது நிறைந்துவிட்டது. ஆகவே 1920இல் செய்த அசல் பழைய மோதிரத்தில் அன்றைக்கே செயற்கை மாணிக்கம் பதித்திருக்கலாம். பத்து மடங்கு லென்சில் வளைந்த கோடுகளோ உருண்டைக் காற்றுக் குமிழோ தெரிந்தால் அதுதான். மோதிரம் பழசு, கல் செயற்கை, இரண்டும் உண்மை. விலை மட்டும் பர்மா மாணிக்க விலையாக இருக்கக் கூடாது.

கல்லுக்குப் பின்னால் தங்கத் தகடு போட்டு மூடியிருந்தால் இன்னும் கவனம். உள்ளே நிறம் ஏற்ற வண்ணத்தாள் வைத்திருப்பார்கள். தண்ணீர் இறங்கினால் தாள் கறுத்து, கல்லே செத்துப்போனது போல ஆகிவிடும். பாத்திரம் கழுவும் கைக்கு மூடிய கட்டு ஆகாது. நம் வடசேரிக் கோயில் நகைகளில் கெம்புக்கு அந்தக் கட்டுதான், ஆனால் அது நடனத்துக்கும் விசேஷத்துக்கும் போட்டுக் கழற்றி வைப்பது.

11 ஜூன்

களியக்காவிளைக்காரர் சாலைக் கடைவீதியில் பார்த்த மோதிரத்தின் படங்களை அனுப்பியிருக்கிறார். நான் கேட்டபடி அடிப்பக்கமும் எடுத்திருக்கிறார், ரொம்ப நன்றி.

மேலே நடுவில் ஒரு வைரம், 20 சென்ட் (0.20 காரட் எடை) இருக்கலாம், பழைய வட்ட வெட்டு. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பொடிக் கல், அடி தட்டையான ரோஸ் கட். பின்பக்கம் திறந்த கட்டு. வளையத்தின் உட்புறம்தான் படித்துப் படித்து மகிழ வேண்டியது. தேய்ந்துபோன ஒரு நங்கூரம், பக்கத்தில் 15, அப்புறம் .625, ஓர் ஆங்கில எழுத்து. அதற்கு எதிர்ப்புறம், வேறொரு கையால், தமிழில் "த. ஞா." என்று உளியால் செதுக்கியிருக்கிறது. 'ஞா'வின் சுழி கொஞ்சம் ஆழமாக இறங்கி ஓரத்தைத் தொட்டிருக்கிறது.

கடைக்காரர் இது அரண்மனைச் சொத்து, திருவிதாங்கூர் அரச குடும்பத்திலிருந்து வந்தது என்று சொன்னாராம். நங்கூரம் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் சோதனைக்கூடத்தின் முத்திரை. 15 காரட் தங்கத்தை அந்நாட்டில் 1932இல் நிறுத்திவிட்டார்கள். அப்படியானால் மோதிரம் அதற்கு முன்னால் பர்மிங்ஹாமில் முத்திரை பெற்றது. அந்த ஆங்கில எழுத்து எந்த ஆண்டு என்பதையும் காட்டும், எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றிய கட்டத்தையும் தெளிவாகப் படம் எடுத்தால் ஆண்டு அட்டவணையோடு ஒப்பிடலாம். அரண்மனைக்கு இதில் எந்தத் தடயமும் இல்லை. கொழும்பு வழியாகவோ மலாயா வழியாகவோ வந்து, த. ஞா. என்ற ஒரு தமிழர் கைக்கோ, அவர் யாருக்கு வாங்கினாரோ அவர் கைக்கோ போயிருக்கிறது. எனக்கு இந்தக் கதை அரண்மனைக் கதையைவிடப் பிடித்திருக்கிறது. அரண்மனைக்கென்று கேட்கும் கூடுதல் பணத்தை மட்டும் கொடுக்காதீர்கள்.

11 ஜூன், இரவு

அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இடது பக்கம் ஓரக்கல் மாறியிருக்கு மக்ளே" என்றார். பெரிதாக்கிப் பார்த்தால் சரிதான். மற்ற மூன்றும் தட்டையாக, மங்கலாக, ஒன்றுக்கொன்று சமமில்லாமல் இருக்கின்றன. இது மட்டும் எட்டுப் பட்டையோடு வெடுக்கென்று மின்னுகிறது. அதைப் பிடிக்கும் கொக்கியும் புதுசு, நிறம் மஞ்சள் தூக்கல்.

13 ஜூன்

"ஒரு கல் மாறினால் அது அசல் இல்லையே, விட்டுவிடலாமா?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

இதில் நானும் இரண்டு நாளாக மனசுக்குள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கல் மாறிய நகை என்றாலே எனக்குக் கசப்பு. எங்கள் அத்தை ஒரு கடையில் பாலிஷுக்குக் கொடுத்த தோட்டில் ஒரு கல்லை மாற்றித் திருப்பித் தந்தார்கள். அவர் அழுத அழுகை இன்னும் நினைவில் இருக்கிறது. ஆனால் யோசித்தால், தொண்ணூறு வருஷம் விரலில் கிடந்த மோதிரத்தில் ஒரு பொடிக்கல் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். யாரோ கல் விழுந்ததும் வருத்தப்பட்டு, கிடைத்த கல்லை வைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது திருட்டு அல்ல. நடுக்கல்லும் கட்டும் முத்திரையும் பழையபடி இருக்கின்றன. மாறிய கல்லை மாறியது என்று கடைக்காரர் ஒப்புக்கொண்டு, அதற்கேற்ற விலை சொன்னால் வாங்கலாம் என்பதுதான் இப்போது என் எண்ணம். நடுக்கல் மாறியிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

நடுக்கல்லுக்குத் தரச்சான்றிதழ் வேண்டும் என்றால், ஜிஐஏ போன்ற ரத்தினச் சோதனைக் கூடங்கள் முழுத் தரச்சான்றிதழைக் கழற்றிய கல்லுக்குத்தான் தரும். அதற்காகத் தொண்ணூறு வருஷக் கொக்கியை நிமிர்த்திக் கல்லைக் கழற்றினால் கொக்கி ஒடியும். கட்டில் இருந்தபடியே வைரமா இல்லையா என்று பார்க்கச் சொல்லுங்கள், போதும்.

14 ஜூன்

பேச்சு வேறு பக்கம் போகிறது, போகட்டும். நெய்யாற்றின்கரையிலிருந்து ஒருவர் வைடூரிய மோதிரம் பற்றிக் கேட்கிறார். நம் எல்லைப் பக்கத்துக் கல் என்றால் அதுதான். திருவனந்தபுரம் மாவட்டத்து மண்ணில் கிடைத்த வைடூரியத்துக்கு நல்ல பேர் உண்டு. ஒற்றை விளக்கின் கீழே பிடித்து அசைத்தால் நடுவில் வெள்ளைக் கோடு ஒன்று ஓடும், அது நேராக, நடுவிலேயே ஓட வேண்டும். வைரத்துக்குப் பத்து என்று வைக்கும் மோஸ் அளவில் கடினம் 8.5, தினமும் போடத் தாங்கும். கேதுவின் கல் என்பதால் சில வீடுகளில் ஜாதகம் பார்க்காமல் போட மாட்டார்கள், பெண் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

முத்து மோதிரம் மட்டும் நிச்சயத்துக்கு வேண்டாம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு 1961க்குப் பிறகு நடக்கவில்லை, பழைய தூத்துக்குடி முத்து என்றால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அதன் கடினம் 2.5தான். வேர்வை, சென்ட், எலுமிச்சை எல்லாம் அதைத் தின்னும். கம்மலாகப் போடட்டும்.

இன்னொருவர், "அடுத்தவர் போட்டதைப் போட்டால் ராசி இருக்காது" என்று எழுதியிருந்தார். எனக்கு நிச்சயத்தன்று போட்ட மோதிரம் ஆச்சியுடையது. வீட்டுப் பெரியவர் போட்டதை ஆசீர்வாதம் என்கிறோம். முகம் தெரியாதவர் போட்டது என்றதும் ஏன் பயப்பட வேண்டும்? மனசு ஒப்பவில்லை என்றால் நம் பக்கத்துப் பழைய வழக்கப்படி கல்லைச் சில நாள் வீட்டில் வைத்துப் பார்க்கக் கேளுங்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு தரும் கடைகள் உண்டு.

17 ஜூன்

அளவு. மோதிரம் 16, பெண்ணுக்கு 12. நம் ஊர் அளவில் ஒரு எண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர் சுற்றளவு, ஆகவே நான்கு மில்லிமீட்டர் எடுக்க வேண்டும். சிறிதாக்குவது பெரிதாக்குவதைவிட எளிது. ஆனால் எங்கே வெட்டுவது என்பதை ஆசாரியின் விருப்பத்துக்கு விடாதீர்கள். பொதுவாக அடியில் நடுவில்தான் வெட்டுவார்கள். இந்த மோதிரத்தில் நங்கூரமும் .625ம் ஒருபுறம், த. ஞா. எதிர்ப்புறம். கொஞ்சம் கை தவறினால் இரண்டில் ஒன்று வெட்டுப்பட்ட துண்டோடு பட்டறைத் தூசியில் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள வெற்றிடத்தை மார்க்கரால் குறித்துக் கொடுங்கள். பொடி 15 காரட்டுக்குச் சேரும்படி இருக்க வேண்டும், 22க்கு வைத்திருப்பதை வைத்தால் மஞ்சள் கோடு விழும். லேசர் வைத்துப் பற்றவைக்கும் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது, கல்லுக்குச் சூடு போகாது.

விரலை மத்தியானத்துக்கு மேல் அளந்து பாருங்கள். நம் பக்கத்து வெக்கையில் காலையில் சரியாக இருப்பது மாலையில் இறுக்கும்.

"த. ஞா.வை அழித்துவிட்டுத் தம்பி பேரை எழுதலாமா?" என்ற கேள்விக்கு அழிக்க வேண்டாம் என்பதே என் பதில். உள்ளே இடம் இருக்கிறது, பக்கத்தில் தம்பி பேரும் பெண் பேரும் சேரட்டும்.

22 ஜூன்

வாங்கிவிட்டார்களாம்! கடைக்காரர் அரண்மனைக் கதையை விட்டுவிட்டு, மாறிய கல்லுக்காக விலையைக் குறைத்தும் கொடுத்திருக்கிறார். பெண்ணும் கூடப் போயிருந்தாள், த. ஞா.வைத்தான் முதலில் தடவிப் பார்த்தாள் என்று எழுதியிருக்கிறார். எனக்கு ரொம்ப சந்தோஷம்.

பில்லில் வெறும் "தங்க மோதிரம்" என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். பழைய மோதிரம், 15 காரட், முத்திரை இன்னது, நடுக்கல் வைரம் இத்தனை சென்ட், ஓரக்கல்லில் மூன்று பழையது ஒன்று மாற்றியது, மொத்த எடை கிராமில் என்று வர வேண்டும். ஜிஎஸ்டியோடு உள்ள முறையான பில் கையில் இருந்தால், நகை எங்கிருந்து வந்தது என்று நாளைக்கு யாராவது கேட்டாலும் பதில் இருக்கும்.

மாறிய கல்லைப் பழைய ரோஸ் கட்டால் திரும்ப மாற்றலாமா என்று கேட்டிருக்கிறார். அப்பாவின் டப்பாவில் உடைந்த மூக்குத்தியிலிருந்து எடுத்த பழைய கற்கள் கொஞ்சம் கிடக்கின்றன, அளவு சேருமா என்று பார்க்கிறேன் என்கிறார் அப்பா. நிச்சயத்துக்கு முன்னால் அவசரப்பட வேண்டாம், முடிந்த பிறகு வடசேரிக்கு எடுத்துவாருங்கள். கழற்றும் அந்தக் கல்லையும் காகிதத்தில் மடித்துத் தரச் சொல்கிறேன், மோதிரத்தோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.